‘காப்ளின்’ என்ற கதைப் படகு உண்மையில் இருந்ததா?

கேட்டவர்: ஏட்டுவாசகன்
ஆர்தர் ரான்சம் 1937-இல் வெளியிட்ட ‘வி டிடின்ட் மீன் டு கோ டு சீ’ நாவலை அண்மையில் படித்து முடித்தேன். இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தருகே நங்கூரத்தை இழந்து, நான்கு பிள்ளைகளைச் சுமந்தபடி மூடுபனிக்குள் மிதந்து போய், இரவோடு இரவாக வடகடலைக் கடந்து நெதர்லாந்தின் ஃப்ளஷிங்கை அடையும் ‘காப்ளின்’ எனக்குக் கற்பனையாகவே தோன்றவில்லை. அதற்கு மூலமான படகு ஏதேனும் உண்டா?

மறுமொழி: சுக்கான்
உண்டு, இன்றும் மிதக்கிறது. 1931-இல் லிட்டில்ஹாம்ப்டனில் ஹில்யார்டு பட்டறையில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 28 அடி நீளமுள்ள ‘நான்சி பிளாக்கெட்’தான் அது. ரான்சம் அதை வாங்கியபோது அதன் பெயர் வேறு. தம் முந்தைய கதைகளில் கடற்கொள்ளைக்காரியாக விளையாடும் சிறுமியின் பெயரை அவரே அதற்குச் சூட்டினார். ஆக, கதையிலிருந்து பெயர் வாங்கிய படகு, வேறொரு பெயரில் மீண்டும் கதைக்குள் நுழைந்தது. இத்தகைய விசித்திரம் இலக்கியத்தில் அரிது என்றே நினைக்கிறேன்.

மறுமொழி: நீரோட்டம்
படகு மட்டுமன்று, பாதையும் மெய்யானதே. நாவலை எழுதும் பொருட்டு ரான்சம் 1936-இல் இதே படகில் ஃப்ளஷிங் வரை சென்று வந்தார். கதை தொடங்கும் பின் மில் கிராமமும், பிள்ளைகள் தங்கும் ஆல்மா காட்டேஜும் ஆர்வெல் ஆற்றங்கரையில் இருக்கின்றன.

நங்கூரம் இழுபடும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். நீர் குறைவாக இருக்கும்போது போதுமானதாக இருந்த சங்கிலி, ஓதம் ஏற ஏறச் செங்குத்தாகிவிடுகிறது. கிடையாக இழுக்கப்படும்வரைதான் நங்கூரம் தரையைக் கவ்வும், மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். பிள்ளைகளில் ஒருவனான ஜான் கூடுதல் சங்கிலியை விட முயலும்போது முழுச் சங்கிலியும் கைநழுவி ஓடிவிடுகிறது. கடலில் பழகாதவர் இதை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க முடியாது.

மறுமொழி: சுக்கான்
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்ளினின் சொந்தக்காரனான இளைஞன் ஜிம் பிராடிங்கில் ஐம்பதைக் கடந்த ரான்சமைத் தேட வேண்டாம். கதைக்கு அவர் தம்மையன்று, படகைத்தான் கடன் கொடுத்தார். 1938-இல் அதை விற்றுவிட்டு, பின் மில்லிலேயே கட்டப்பட்ட ‘செலினா கிங்’ என்ற பெரிய படகுக்கு மாறினார். பிற்காலத்தில் சிதைந்து கிடந்த நான்சி பிளாக்கெட் சீரமைக்கப்பட்டு, 1997 முதல் அதற்கெனவே அமைந்த அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. உறுப்பினர்கள் அதில் பயணம் செய்யலாம்.