சர்வரில் பைதான் 3.10, லேப்டாப்பில் 3.12: யாராவது கைகொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் நன்றாக ஓடும் என் ஜாங்கோ (பைதானில் வலைத்தளம் கட்ட உதவும் கட்டமைப்பு) தளம், உபுண்டு 22.04 சர்வரில் ஏற்றினால் சின்டாக்ஸ் எரர் காட்டுகிறது. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது, அங்கே இருப்பது பைதான் 3.10. எஃப்-ஸ்டிரிங்குக்குள் (மாறிகளின் மதிப்பை நடுவே செருகும் உரை) அதே மேற்கோள் குறியைத் திரும்பப் போட 3.12-இல்தான் அனுமதி வந்தது. நானோ அதைப் பல இடங்களில் போட்டு வைத்திருக்கிறேன்!

சரி என்று 3.12-ஐத் தனியாக நிறுவி, புது வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் (இந்தத் தளத்துக்கு மட்டுமான தனி பைதான் சூழல்) உருவாக்கினேன். ஆனால் கூனிகார்ன் (தளத்தை சர்வரில் ஓட்டும் நிரல்) லாகில் இன்னும் 3.10 பாதைதான் வருகிறது. அதைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) சர்வீஸ் கோப்பில் பாதையை மாற்றி ரீஸ்டார்ட்டும் செய்தேன். அப்போது ரீலோடு செய்யச் சொல்லி ஏதோ எச்சரிக்கை வந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதுதான் காரணமா, வேறு எங்காவது பழைய பாதை ஒளிந்திருக்குமா?

சிஸ்டம் பைதானையே மாற்றிவிடு என்கிறார் ஒரு நண்பர். ஏபிடி (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும்) கருவிகள் அதை நம்பி இருப்பதால் கைவைக்கப் பயமாக இருக்கிறது.