பியூர் டைரக்ட் அழுத்தினால் ரிசீவர் ஸ்டீரியோ ஆம்ப் ஆகிவிடுமா?

மந்தரஸா
நேற்று ஸ்பீக்கர் பேச்சுக்கு நடுவில் வெற்றுச்செவி எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "எந்த ரிசீவர் வாங்கினாலும் பியூர் டைரக்ட் அழுத்துங்கள், அது ஸ்டீரியோ ஆம்ப் ஆகிவிடும். அழுத்தாமல் பாட்டுக் கேட்பவனுக்குக் காது இல்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புதுசாக வீடு வாங்கும் பிள்ளைகள் இதை நம்பிக் காசைக் கொட்டுகிறார்கள். ரிசீவர் என்பது படத்துக்கும் பாட்டுக்கும் பல ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி; ஸ்டீரியோ ஆம்ப் பாட்டுக்கென்றே இரண்டு ஸ்பீக்கரை ஓட்டுவது. அந்த பியூர் டைரக்ட் பொத்தான் என்ன செய்கிறது? முகப்பு டிஸ்ப்ளேயை அணைக்கிறது. வீடியோ சர்க்யூட்டை நிறுத்துகிறது. ஆடிசி மாதிரி அறைத் திருத்தம் (மைக் வைத்து அறையை அளந்து ஒலியைச் சரிசெய்வது) ஏதாவது இருந்தால் அதையும் விலக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதே டிரான்ஸ்ஃபார்மர்தான், அவுட்புட் டிரான்சிஸ்டரும் அதேதான். ஆம்ப் எங்கிருந்து முளைத்தது?

வெற்றுச்செவி
பேரைச் சொல்லியே ஆரம்பிச்சிட்டீங்க, சந்தோஷம். நான் இருபது வருஷமா கேக்கறவன். பியூர் டைரக்ட் அழுத்தினதும் குரல் ஒரு அடி முன்னால வந்து நிக்கும். வீணைத் தந்தியில நகம் படுறது தனியாத் தெரியும். உங்களுக்குத் தெரியலைன்னா நான் என்ன செய்ய? சர்க்யூட் வரைபடத்தைக் காதுல மாட்டிக்கிட்டு கேளுங்க.

புங்கோல் புதுச்சாவி
வணக்கம் அண்ணே, எல்லாருக்கும். அடுத்த மாசம் சாவி வாங்குகிறோம், 4 அறை வீடு. ரிசீவருக்கு மட்டும் 1,500 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியிருக்கேன். வாரக் கடைசியில படம் பார்ப்போம், ஞாயிறு காலையில அப்பா கச்சேரி கேட்பார். டெனான் எக்ஸ்1800ஹெச் போதுமா, இல்லை மராண்ட்ஸ் சினிமா 70எஸ் பார்க்கலாமா? இன்னொன்னு, "இசைக்கு நல்ல ரிசீவர்"னு எல்லாரும் சொல்றீங்க. அது எதைச் சொல்றது? சத்தமா, தெளிவா, வேற ஏதாவதா?

மந்தரஸா
தம்பி, முதலில் அந்தப் பொத்தானை அழுத்தாதே. மற்றதைப் பிறகு பேசலாம்.

உன் ஹால் அகலம் 3.4 மீட்டர் என்று வைத்துக்கொள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 6.8 மீட்டர், ஆக இரண்டு சுவருக்கும் நடுவே நிற்கும் முதல் அலை சுமார் 50 ஹெர்ட்ஸில் உட்கார்ந்துவிடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நாம் எல்லாரும் சோபாவைச் சுவரோடு ஒட்டித்தான் போடுகிறோம். அங்கேதான் அந்த அலை குவியும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் 'தும்' என்று நின்று போக வேண்டியது, 'தூம்ம்ம்' என்று இழுக்கும். ஒரு கட்டைச் சுருதியில் ஆண்குரல் தம்புராவின் மந்தர ஸா சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்த வட்டாரத்தில்தான் இந்தச் சேட்டை எல்லாம் நடக்கிறது. அறைத் திருத்தம் அந்த மேட்டைக் குறைக்கும். பியூர் டைரக்ட் அதைத் திரும்ப மேடாக்கும். எக்ஸ்1800இல் இருக்கும் ஆடிசி மல்ட்இக்யூ எக்ஸ்டி 8 இடம் வரை மைக் வைத்து அளக்கும். அப்படி அளந்ததை ஒரே அழுத்தில் தூக்கி எறிவதா?

வெற்றுச்செவி
மைக்கை வச்சு அளக்கறதுக்கு முன்னாடியே மனுஷன் பாட்டுக் கேட்டிருக்கான் சார். என்கிட்ட இருக்கறது நேட் 3020ங்கற ஸ்டீரியோ ஆம்ப். 1978ல வந்த செட், சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 20 வாட்தான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில மூடறதுக்கு முன்னால அங்க வாங்கினது. மைக்கும் இல்ல, ஆப்பும் இல்ல. அது முன்னால உங்க 9 சேனல் ரிசீவரை வைங்க பார்ப்போம். பியூர் டைரக்ட் போட்டாத்தான் ரிசீவர் அதுக்குக் கொஞ்சமாவது கிட்ட வரும். நான் சொன்னது அவ்வளவுதான்.

வாட்கணக்கு
20 வாட்டா? எக்ஸ்1800 80 வாட், அதே டெனானின் பெரிய செட் எக்ஸ்3800 105 வாட். பெரியதை வாங்கு தம்பி, வாட் கூடினால் தெம்பு கூடும்.

மந்தரஸா
80க்கும் 105க்கும் வித்தியாசம் 1.2 டெசிபெல்கூட இல்லை. ரிமோட்டில் இரண்டு தட்டு, அவ்வளவே. இரட்டிப்பு வாட்டுக்கே 3 டெசிபெல்தான். இருமடங்குச் சத்தமாகக் காதுக்குப் படவேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். இன்னொன்று: அந்த 80 வாட் இரண்டு சேனலை ஓட்டிச் சொன்ன கணக்கு. படத்துக்கு ஏழு சேனலையும் ஒன்றாக ஓட்டினால் அது குறையும். பாட்டு இரண்டு சேனல்தானே, அதற்கு அந்தக் கணக்கு நேர்மையானது. 87 டெசிபெல் ஸ்பீக்கரை (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம் தருவது) வைத்து வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஓடுவது ஒரு வாட், இரண்டு வாட். நம் வீட்டில் இரவு 10.30க்குப் பிறகு அதுவும் கிடையாது.

பியூர் டைரக்ட் போட்டால் கிட்ட வரும் என்கிறீர்களே, எதற்குக் கிட்ட? ஆடிசி அணைந்ததும் அளவு மாறும். கொஞ்சம் சத்தம் ஏறினாலே குரல் முன்னால் வந்த மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டீர்களா?

உட்லண்ட்ஸ் அக்கா
தம்பி கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா. எங்க வீட்டுல யமஹா வி6ஏ இருக்கு, ஒய்பாவோ (யமஹாவோட அறைத் திருத்தம்) ஓட்டி வச்சிருக்கோம். பாட்டு நல்லாத்தான் கேக்குது. மேல்மாடி சீன ஆண்ட்டி ஒருதடவைதான் கதவைத் தட்டினாங்க, அது சப்வூஃபராலதான், பேஸுக்குன்னே இருக்கற ஸ்பீக்கர். பொத்தான் கதை எனக்குத் தெரியாது.

வெற்றுச்செவி
அக்கா, யமஹாவுலயும் பியூர் டைரக்ட் இருக்கு. இன்னிக்கு ராத்திரி அழுத்திப் பாருங்க, வீட்டுக்காரரையும் கேக்கச் சொல்லுங்க. நாளைக்கு எழுதுங்க.

உட்லண்ட்ஸ் அக்கா
அழுத்தினேன். முகப்பு அணைஞ்சு போச்சு. இவர் கரண்ட் போயிடுச்சான்னு கேட்டார். பேஸ் கொஞ்சம் கொழகொழன்னு ஆன மாதிரி இருந்துச்சு. திரும்பப் போட்டுட்டேன்.

மந்தரஸா
அக்காவுக்கு நன்றி. இதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெற்றுச்செவி
கொழகொழன்னு ஆகலை அக்கா, உண்மையான பேஸ் அது. இத்தனை நாளா வடிகட்டினதைக் குடிச்சுப் பழகிட்டீங்க.

சொல்லாய்வு
ஒரு வேண்டுகோள். சிலர் தனிமடலில் ஆம்ப்பை 'ஒலிபெருக்கி' என்று எழுதுகிறீர்கள். ஒலிபெருக்கி என்றால் ஸ்பீக்கர். கோவில் திருவிழாவில் கட்டுவதும் அதுதான். ஆம்ப்புக்குப் 'பெருக்கி' போதும்.

வாட்கணக்கு
ஒலியைப் பெருக்குவது ஆம்ப்தானே ஐயா? ஸ்பீக்கர் எதைப் பெருக்குகிறது? அர்த்தப்படி ஆம்ப்தான் ஒலிபெருக்கி.

சொல்லாய்வு
வழக்கு என்று ஒன்று இருக்கிறது. அர்த்தப்படி பார்த்தால் துடைப்பமும் பெருக்கிதான். அப்படியானால் எக்ஸ்1800ஐ மூலையில் சாய்த்து வைக்கச் சொல்வீர்களா?

மந்தரஸா
சொல் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காது இல்லை என்று சொன்னவருக்கு நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். என் வீட்டு டெனானில் 'டைரக்ட்' தனி, 'பியூர் டைரக்ட்' தனி. இரண்டிலும் அறைத் திருத்தம் கிடையாது. பியூரில் கூடுதலாக டிஸ்ப்ளேயும் வீடியோவும் அணையும். ஆக அந்தப் பொத்தானின் 'பியூர்' என்ன சாதிக்கிறது என்று பார்க்க இந்த இரண்டையும்தான் மோத விடவேண்டும். சிக்கல் என்னவென்றால் டிஸ்ப்ளே அணைவதே எது ஓடுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தேக்காவில் வாங்கிய ஈரிழைத் துண்டு ஒன்றை ரிசீவர் முன்னால் தொங்கவிட்டு, சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ரிமோட் மனைவி கையில். ஒரே ஆலாபனையின் அதே அரை நிமிடம், 12 தடவை. நான் சரியாகச் சொன்னது 7. காசைச் சுண்டிப் போட்டாலும் 6 வரும். அதே சோபாவில் ஆடிசியைப் போட்டு எடுத்தபோது 12க்கு 12. தொப்பியின் இழுவை போனது பக்கத்து அறையில் இருந்த என் மகளுக்கே தெரிந்தது.

வெற்றுச்செவி
ரிசீவர் மேல துண்டு போட்டுக் கேட்டாராம்! சிங்கப்பூர் வெயில்ல! மேல இருக்கற ஓட்டையெல்லாம் சூடு போறதுக்கு சார். உங்க செட்டு அன்னிக்கு மூச்சுத் திணறியிருக்கும், எப்படி வித்தியாசம் தெரியும்?

மந்தரஸா
முன்பக்கம் மட்டும். மேலே இல்லை.

வெற்றுச்செவி
துண்டு துண்டுதானே.

வாட்கணக்கு
பியூர் டைரக்ட் போகும்போது சில செட்டில் ரிலே (உள்ளே இருக்கும் மின்சுவிட்ச்) 'டக்'கென்று அடிக்கும். அது காதில் விழுந்திருக்காதா? அப்படியென்றால் 7 எப்படி?

மந்தரஸா
அதையும் யோசித்துத்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் வேறு மோடுக்குப் போய்விட்டுத்தான் திரும்புவாள். எல்லாத் தடவையும் 'டக்' கேட்கும். எதற்கு என்று தெரியாது.

வெற்றுச்செவி
வீட்டுக்காரம்மாவைப் பாவம் 24 தடவை ரிமோட் அமுக்க வச்சிருக்கீங்க. 20 வருஷம் கேட்ட காதுக்கு முன்னால 12 தடவைக் கணக்கு எம்மாத்திரம்? மராண்ட்ஸ்காரன் ஹெச்டிஏஎம்னு தனி சர்க்யூட் எதுக்குப் போடறான்? டெனான்ல அது இல்ல. மராண்ட்ஸ்ல பியூர் டைரக்ட் போட்டாத் தெரியும்.

மந்தரஸா
மராண்ட்ஸும் டெனானும் 2002லிருந்து ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. இன்றைக்கு இரண்டுமே ஹார்மன் கையில். ஹெச்டிஏஎம் நல்ல சர்க்யூட்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 50 ஹெர்ட்ஸில் உன் சுவர் செய்யும் அட்டகாசத்தை எந்த டிரான்சிஸ்டர் தடுக்கும்? ஆடிசி குரலைத் தொடுவது பிடிக்கவில்லையா, அதற்கென்று காசு கொடுத்து வாங்கும் ஆப் இருக்கிறது. திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் என்று எல்லை கட்டலாம். வீணையின் நகம் அப்படியே இருக்கும், தொப்பி மட்டும் சரியாகும். இதைச் சொன்னால் ஒருவரும் செய்து பார்ப்பதில்லை. பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள்.

புங்கோல் புதுச்சாவி
அண்ணே, அடெல்ஃபியில ரெண்டு ஆடியோ கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர் "ரிசீவர் படத்துக்கு வச்சுக்கோ, பாட்டுக்குத் தனி ஆம்ப் வாங்கி ப்ரீஅவுட்ல கோர்த்துக்கோ"ன்னார். ப்ரீஅவுட்னா வெளி ஆம்ப்புக்கு சிக்னல் கொடுக்கற சாக்கெட்டாம். எக்ஸ்1800ல முன் ஸ்பீக்கருக்கு ப்ரீஅவுட் இருக்கா?

மந்தரஸா
கிடையாது. சப்வூஃபருக்கு மட்டும்தான். சினிமா 70எஸ்ஸில் எல்லாச் சேனலுக்கும் உண்டு, ஆனால் அது 50 வாட், மெல்லிசுப் பெட்டி. எக்ஸ்3800இல் உண்டு, அது உன் பட்ஜெட்டைத் தாண்டும். பின்னால் ஆம்ப் சேர்க்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் 70எஸ், இல்லையென்றால் எக்ஸ்1800. மிச்சக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்கு. சோபாவைச் சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் போடு. பொத்தானை

வெற்றுச்செவி
அழுத்து தம்பி.

மந்தரஸா
அழுத்தாதே. அவசரத்தில் பாதியில் போய்விட்டது.

உட்லண்ட்ஸ் அக்கா
வெளிநாட்டுல இருந்து மலிவா வருதுன்னு வாங்கிடாத தம்பி. எங்க கொழுந்தன் 110 வோல்ட் செட்டு ஒண்ணைக் கொண்டுவந்து நேரா நம்ம 230ல சொருகினாரு. ஒரு நிமிஷம்கூட ஆகல, பொகை. உத்தரவாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

வாட்கணக்கு
ஒரு கட்டைவிரல் அளவு லேபிள் பின்னாலேயே இருக்கும் அக்கா, படித்திருக்கலாம்.

உட்லண்ட்ஸ் அக்கா
படிக்கத் தெரிஞ்சவர்தான் அவரு. பாலிடெக்னிக்ல மின்னியல் படிச்சவரு. யாரை என்ன சொல்றோம்னு பார்த்துப் பேசுங்க.

வெற்றுச்செவி
மந்தரஸா சாருக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். 2018ல ஈசூன்ல உங்க வீட்டுக்கு வந்து 180 வெள்ளிக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். மூணே வாரம். கோனைச் சுத்தி இருக்கற ஃபோம் வளையம் பொடிப்பொடியா உதிர்ந்து கார்ப்பெட்ல கிடந்துச்சு, மிளகுத்தூள் மாதிரி. தொப்பி, மந்தரம், ஹெர்ட்ஸ்னு இவ்வளவு நுணுக்கம் பேசறவருக்கு அது மட்டும் தெரியலையாக்கும்?

மந்தரஸா
வாங்கும்போது நீங்களே விரலால் அழுத்திப் பார்த்தீர்கள். இந்த ஊர் ஈரத்துக்கு ஃபோம் பத்துப் பதினைந்து வருஷத்தில் உதிரும், ரப்பர் வளையம்தான் தாங்கும் என்று அப்போதே சொன்னேன். வளையம் மாற்றிக் கொடுக்கும் ஆளைக்கூடச் சொன்னேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 20 வருஷக் காது என்கிறீர்கள், உங்கள் 3020இன் கெப்பாசிட்டரை ஒரு தடவையாவது மாற்றினீர்களா? உப்பிப்போன கெப்பாசிட்டரை 'வெதுவெதுப்பான இசை' என்று எழுதியவர் நீங்கள்தான்.

வெற்றுச்செவி
என் 3020ஐப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க.

சொல்லாய்வு
'கெப்பாசிட்டர்' அல்ல, மின்தேக்கி.

மந்தரஸா
இந்த ஞாயிறு காலை என் வீட்டுக்கு வாருங்கள். அதே சோபா, அதே 12 தடவை, ரிமோட் உங்கள் ஆள் கையில் இருக்கட்டும். டைரக்ட் எது, பியூர் டைரக்ட் எது என்று 10 சரியாகச் சொல்லிவிட்டால் இனி அந்தப் பொத்தானைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

வெற்றுச்செவி
வர்றேன். துண்டை எடுத்துட்டு வைங்க.

மந்தரஸா
துண்டை எடுத்தால் டிஸ்ப்ளே தெரியும்.

வெற்றுச்செவி
அப்போ வரலை. அந்த 180 வெள்ளிக்கு முதல்ல ஒரு வழி சொல்லுங்க.

புங்கோல் புதுச்சாவி
அண்ணே, சோபாவை அரை மீட்டர் தள்ளினா பால்கனிக் கதவு திறக்காது. என்ன செய்யலாம்?

மந்தரஸா
ஃபோம் விஷயத்தை நான் சொன்னதற்கு அன்றைக்கு உங்களோடு வந்தவரே சாட்சி. அவரைக் கேளுங்கள்.