பழைய பிரீக்குவென்சி கவுண்டர் இபிராம்ல ரெண்டே பைட்டு சேத்தேன், 5 வர்ற எடத்துல 3 வருது

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. போன ஞாயிறு பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் பசார்ல 40 வெள்ளிக்கு ஒரு பழைய பிரீக்குவென்சி கவுண்டர் (சிக்னல் செகண்டுக்கு எத்தனை தடவை துடிக்குதுன்னு எண்ணிக் காட்டுற மெஷின்) கெடைச்சுது. உள்ள 8039 புராசசர் (8048 குடும்பம்), பக்கத்துல புரோகிராம் இருக்கிற, ஜன்னல் வச்ச 2732 இபிராம் சிப்பு ஒன்னு. மெஷின் நல்லாத்தான் ஓடுது, ஆனா ஆன் பண்ணும்போதெல்லாம் கேட் டைம் (ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் எண்ணுதுங்கிறது) 0.1 செகண்ட்ல போய் நிக்குது. எனக்கு 1 செகண்ட்ல வரணும், 10 ஹெர்ட்ஸ் படிப்படியா பாத்து என்னா பண்றது. சரி மாத்திருவோம்னு இபிராமை ரீட் பண்ணி, டிஅசெம்பிள் பண்ணி (பைட்டையெல்லாம் திரும்ப இன்ஸ்ட்ரக்ஷனா மாத்தி), டாஸ் காலத்து 8048 அசெம்பிளர் ஒன்ன டாஸ்பாக்ஸ்ல ஓட்டி (64 பிட் விண்டோஸ்ல அது தொறக்கவே மாட்டேங்குது) எதையும் தொடாம திரும்ப அசெம்பிள் பண்ணிப் பாத்தேன், ஒரிஜினலோட ஒரு பைட்டு கூட மாறல. அப்புறம் ரேம் கிளியர் பண்ற இடத்துக்குப் பின்னாடி ஆர்5 ரெஜிஸ்டர்ல (கேட் டைம் அதுலதான் இருக்கு) 1 போடுற ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன், ரெண்டு பைட்டு, சேத்தேன். உடனே மூனு எடத்துல ஜம்ப் எரர். அதை அங்க இங்க தள்ளி சரி பண்ணிட்டேன். இப்ப ஆன் பண்ணா எரர்னு ஒன்னு மின்னிட்டுப் போகுது, அதோட 4.5 மெகாஹெர்ட்ஸ் குடுத்தா 2.3னு காட்டுது, 0 வர்ற எடத்துல ஏதோ கிறுக்கல். கேட் டைம் மட்டும் 1 செகண்ட்தான் lol இல்ல, சிரிப்பு வரல உண்மையிலேயே. எங்க தப்பு?

சால்டர்_மாமா:
தம்பி நீ தொடாம ஒருக்கா அசெம்பிள் பண்ணிப் பாத்த பாரு, அதுக்கே ஒரு தே தாரிக் வாங்கித் தரலாம், முக்காவாசிப் பேரு அதைச் செய்றதில்ல. ஆனா நடுவுல சொருகுனது தப்பு. 8048 குடும்பத்துல மெமரிய 256 பைட்டு பக்கம் பக்கமா வெட்டி வச்சிருக்கான், கண்டிஷனல் ஜம்ப் அந்தப் பக்கத்துக்குள்ளதான் தாவும், அதான் மூனு எரர். அதையாச்சும் அசெம்பிளர் சொல்லிருச்சு. சொல்லாம விட்டது என்னன்னா டேபிள். எந்த நம்பருக்கு டிஸ்ப்ளேல எந்தக் கோடு எரியணும்னு சொல்ற செவன் செக்மென்ட் டேபிள் 300 ஹெக்ஸ்லேருந்து ஆரம்பிக்கிற பக்கம் 3ல இருக்கும், மூவ்பி3ங்கிற இன்ஸ்ட்ரக்ஷன் வச்சு எடுப்பான். எந்த எடத்துலேருந்து எடுக்கணும்ங்கிறது வெறும் நம்பரா கோடுக்குள்ள கெடக்கு, லேபிள் கெடையாது. நீ ரெண்டு பைட்டு சேத்ததும் டேபிள் ரெண்டு வீடு தள்ளிப் போச்சு, நம்பர் மட்டும் பழைய வீட்டுக் கதவையே தட்டுது. அதான் 4 கேட்டா 2, 5 கேட்டா 3. 0க்கும் 1க்கும் டேபிளுக்கு முன்னாடி இருக்கிற குப்பை.

எதையும் தள்ளாத. அந்த எடத்துல இருக்கிற ஏதாச்சும் ஒரு ரெண்டு பைட்டு இன்ஸ்ட்ரக்ஷன (ஜம்ப் வேணாம்) எடுத்துட்டு அங்க ஒரு கால் (வேற எடத்துல இருக்கிற கோடைக் கூப்பிடுற CALL இன்ஸ்ட்ரக்ஷன்) போடு, கால் ரெண்டு பைட்டுதான், சரியா உக்காரும். எதுவும் எழுதாம எஃப்எஃப்பா காலியா கெடக்கிற எடத்துல, எடுத்த இன்ஸ்ட்ரக்ஷனையும் உன்னோடதையும் எழுதி கடைசில திரும்பி வர்றதுக்கு ரிட்டர்ன் போட்டுரு. நாங்க 80கள்ல பாயான் லெப்பாஸ் பேக்டரில டெஸ்ட் டிபார்ட்மென்ட்ல இருந்தப்ப நீல கலர் இன்டெல் கம்ப்யூட்டர் பொட்டியில, ஐசிஸ் 2ங்கிற சிஸ்டத்துல, 8 இன்ச் பிளாப்பி போட்டு அசெம்பிள் பண்ணிட்டு முடியறதுக்குள்ள பசியாறிட்டே வந்துருவோம். அப்பவும் பேட்ச்னா இப்படித்தான்.

எரர் மின்னுறது செக்சம், அதாவது இபிராம் மாறிருச்சான்னு மெஷினே பாக்கிற கணக்கு. பெரும்பாலும் எல்லா பைட்டையும் கூட்டிப் பாப்பான், மொத்தம் எவ்வளவு கூடியிருக்கோ அதை ஒரு காலி எஃப்எஃப்ல கழிச்சிரு. மொதல்ல அந்த செல்ப்டெஸ்ட் ரூட்டீனப் படிச்சுப் பாரு, சுத்தி சுத்தி ரொட்டேட் பண்ணிக் கூட்டுற ஆளுங்களும் உண்டு.

பூடு_ரேடியோ:
குறுக்க வர்றேன். ஒரிஜினல் சிப்பையா அழிச்சு எழுதுனீங்க?? வேணாம் பாஸ், அதை ஸ்டிக்கர் ஒட்டி டப்பாவுல வச்சிருங்க. 2732க்கு எழுத 25 வோல்ட்டு, 2732ஏ-க்கு 21, மாத்தி அடிச்சா ஏ சிப்பு செத்துரும். இப்ப விக்கிற சின்ன யூஎஸ்பி புரோகிராமர் நெறைய அவ்வளவு வோல்ட்டு தராது. நான் 28சி64 ஈஈபிராம் (கரண்ட்லயே அழிச்சு எழுதுற சிப்பு) போடுவேன், 5 வோல்ட்லயே எழுதலாம், யூவி லைட்டுல 20 நிமிஷம் காய வைக்கிற வேலையும் இல்ல. 24 கால் சாக்கெட்டுல 28 கால் சிப்பு, மேல் பக்கம் 1, 2, 27, 28 நாலும் வெளிய நிக்கும். 2ஐ கிரவுண்டுக்கு, 27, 28 ரெண்டையும் 26ஓட சேத்து சால்டர் பண்ணிருங்க, 1 சும்மா கெடக்கட்டும். கேஎல் ஜாலான் பாசார் பக்கம் தேடுனா கெடைக்கும்.

பட்டர்வொர்த்_பையன்:
மாமா, பண்ணிட்டேன். செக்சம் வெறும் கூட்டல்தான், எரர் போயிருச்சு, நம்பரும் சரியா வருது. ஆனா ஆன் பண்ணி ஒரு செகண்ட்ல அப்படியே தொங்கிருது. காலி எடம் சி00 ஹெக்ஸ்லதான் கெடைச்சுது, அது மேல் 2கே பேங்க்ல இருக்கு, அதனால காலுக்கு முன்னாடி பேங்க் மாத்துற செல் எம்பி1 போட்டேன், அதுக்கு எடம் வேணும்னு மூனு பைட்டு எடுத்துக்கிட்டேன். (பூடு அண்ணே, ஒரிஜினல் டப்பாவுல பத்திரமா இருக்கு, அழிச்சது வேற சிப்பு.)

சால்டர்_மாமா:
அதானே பாத்தேன். ரிட்டர்ன் உன்னைக் கரெக்டா கூட்டிட்டு வந்து விட்டுரும், ஆனா பேங்க் சுவிட்ச திருப்பி வைக்காது. அடுத்து வர்ற ஜம்போ காலோ மேல் 2கே-க்கே போய் விழும். ரிட்டர்னுக்கு முன்னாடி கீழ் பேங்குக்கு மாத்துற செல் எம்பி0 போடு. செக்சம் திரும்பவும் மாறும், மறந்துறாத.

பட்டர்வொர்த்_பையன்:
ஓடுது மாமா!! 1 செகண்ட் கேட், 10 மெகாஹெர்ட்ஸ்ல கடைசி நம்பர் மட்டும் ஒன்னு மேல ஒன்னு கீழ ஆடுது.

சால்டர்_மாமா:
கவுண்டர்னா கடைசி நம்பர் ஆடத்தான் செய்யும், அதை நோண்டாத. லிஸ்டிங்ல என்ன மாத்துனேன்னு எழுதி பிரிண்ட் எடுத்து மூடிக்கு உள்பக்கம் ஒட்டிரு, நாளைக்கு நீயே லோரோங் கூலிட்ல விக்கப் போற, வாங்குறவன் என்னைத்தான் கேப்பான்.