பிராக் நகரில் தனி வழிகாட்டியோடு செக்வே: முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கொளத்தூர்ப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் நானும் கணவரும் அம்மாவும் ஐரோப்பா போகிறோம். வியன்னாவில் தம்பி இருக்கிறான். அவன் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு, அங்கிருந்து ரயிலில் நான்கு மணி நேரப் பயணமாக செக் நாட்டுத் தலைநகர் பிராக். அங்கே மூன்று நாள்.

அம்மாவுக்கு வயது 62. வரலாறு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஊர், பழைய கோட்டை என்றால் சாப்பாடு தூக்கம் எல்லாம் மறந்துவிடும். ஆனால் வலது முழங்காலில் தேய்மானம். கோயிலில் ஒரு பிராகாரம் சுற்றி வந்தாலே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். பிராக் முழுக்க கல் பாவிய தெருவும் மேடும் இறக்கமும்தான் என்கிறார்கள்.

அதனால் செக்வே யோசனை வந்தது. இரண்டு சக்கரத்துக்கு நடுவே பலகையில் நின்றுகொண்டே போகிற மின் வண்டி அது. நம் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு வழிகாட்டி, மூன்று மணி நேரம், ஹோட்டல் வாசலிலேயே வந்து அழைத்துப் போவார்களாம். விளம்பரப் படத்தில், அங்கே ஆற்றின் மேல் இருக்கிற பழைய சார்லஸ் பாலத்தின் மேலேயே ஆட்கள் செக்வேயில் நிற்கிறார்கள். நடக்கவே வேண்டாம், நின்றால் போதும் என்று கணவர் சொல்கிறார். அம்மா ஒல்லி, 43 கிலோதான் இருப்பார், வண்டிக்கு ஒரு பாரமும் இல்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பதிவு செய்யலாமா? தனி வழிகாட்டிக்கு இவ்வளவு அதிகம் கொடுப்பது தகுமா? புடவையோடு ஏற முடியுமா? அம்மா சுடிதார் போட்டதே இல்லை.

திருவான்மியூர் பாலா

வேலை நிமித்தம் நான்கு வருடம் பிராக்கில் இருந்தேன். முதலில் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் உள்ளிட்ட நடுப்பகுதி முழுவதும் செக்வேக்கு 2016-லேயே தடை போட்டுவிட்டார்கள். சிவப்பு வட்டத்துக்குள் செக்வே படம் போட்ட பலகையே வைத்தார்கள். நீங்கள் பார்த்தது அதற்கு முந்தைய படமாகத்தான் இருக்கும்.

தடை நியாயமானதுதான். அந்தப் பாலத்தின் நீளம் 516 மீட்டர், அகலம் பத்து மீட்டர்கூட இல்லை. கோடையில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாட வீதி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். அதற்குள் வரிசையாகப் பத்து வண்டி ஓட்டினால் உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? இப்போது செக்வே ஓடுவது ஊரின் மேற்கே, மேட்டுப் பக்கப் பூங்காக்களில்.

நங்கநல்லூர் கீதா

உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் அப்பாதான் நினைவுக்கு வந்தார். இரண்டு வருடம் முன்பு நாங்களும் இதே யோசனையோடுதான் போனோம். அவருக்கு அப்போது 67. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எடை. பாரம் குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியிருக்கும். ஆனால் இந்த வண்டிக்கு அது நேர்மாறு. 45 கிலோவிலிருந்து 117 கிலோ வரை உள்ளவர்கள்தான் ஏறலாம் என்பது வண்டியைச் செய்தவர்களே வைத்த வரம்பு. செக்வேயில் பிரேக் கிடையாது. உடம்பு முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். அந்த வண்டியே 45 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைவிட லேசான ஒருவர் இறக்கத்தில் எவ்வளவுதான் பின்னால் சாய்ந்தாலும் அது கேட்கும் என்று நம்ப முடியாது. உங்கள் அம்மா 43 கிலோ என்றால் தயவுசெய்து ஏற்றாதீர்கள். இரண்டு கிலோதானே என்று நிறுவனத்தார் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாவது, முழங்கால். "நின்றால் போதும்" என்பதில்தான் நாங்களும் ஏமாந்தோம். நடக்கும்போது ஒரு கால் மாற்றி ஒரு கால் ஓய்வு கிடைக்கும். உட்கார ஒரு திண்டு கிடைக்கும். செக்வேயில் இரண்டு காலும் அசையாமல், முழங்காலை லேசாக மடக்கி, தரையில் வருகிற அதிர்வை எல்லாம் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். புறநகர்ப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை நின்று போவதை நினைத்துப் பாருங்கள். அதில் பாதி கஷ்டமாவது இருக்கும். கல் பாவிய இடம் வந்தால் அதிர்வு கணுக்காலில் தொடங்கி இடுப்பு வரை ஏறும்.

எங்களுக்கும் விளம்பரத்தில் பாலத்தைத்தான் காட்டியிருந்தார்கள். பணம் கட்டிய பிறகு, டாக்சியில் பிரெவ்நோவ் என்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாலம் எங்கே என்று கேட்டால், "அங்கே அனுமதி இல்லையே" என்றார்கள். முன்பே சொல்லியிருக்கலாம் இல்லையா? எனக்கு ரொம்பக் கோபம். ஆனால் வந்த வழிகாட்டிப் பெண் அருமையானவர், இருபத்தைந்து வயது இருக்கும். அந்தக் கோபத்தை அவர்மேல் காட்ட மனம் வரவில்லை.

பயிற்சிதான் எனக்கு மறக்காத பகுதி. அப்பா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை பார்த்தவர். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடுவோமே, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவோம் இல்லையா, அதுதான் இது. கைக்குப் பதில் சக்கரம்." உள்ளே இருக்கிற உணர்விகள் நொடிக்கு நூறு தடவை சாய்வைப் பார்க்கின்றன என்று அந்தப் பெண் சொன்னதும் அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஏறுவது ஒன்றும் பெரிதில்லை. அந்தப் பெண் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு கால், உடனே அடுத்த கால். முதல் நிமிடம் பாதத்துக்குக் கீழே தரை மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் லேசாக ஆடும். நாம் பயந்து கால்விரலை இறுக்கினால் அது முன்னால் போகிறது. உடனே பயந்து பின்னால் சாய்ந்தால் பின்னால் வருகிறது. "தூரத்து மரத்தைப் பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள்" என்றார். மரத்தைப் பார்த்தேன், ஆட்டம் நின்றுவிட்டது. வேகம் குறைவாக வைக்க ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டால் கைப்பிடியில் இருக்கிற சின்னத் திரையில் ஆமைப் படம் வரும். அப்பாவின் வண்டியில் கடைசி வரை ஆமையை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்று பேசக் கூடாது. மேலே இருக்கிற கால் அழுத்தத்தில் வண்டி நகரும். கைப்பிடியை இழுத்தாலும் நகரும். என் கணவருக்குக் கெண்டைக்காலில் சக்கரம் இடித்து நீலமாகிவிட்டது. புடவை வேண்டவே வேண்டாம். சக்கரத்துக்கு மேல் மூடி இருக்கிறது, ஆனாலும் கொசுவம் காற்றில் பறந்து இரண்டு பக்கமும் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் கால் எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரியாது, வழிகாட்டிக்கும் தெரியாது.

தனி வழிகாட்டி தகுமா என்று கேட்டீர்கள். எங்களைப் பொறுத்தவரை தகும், அப்பாவுக்காகவே தகும். கூட்டத்தோடு போயிருந்தால் பத்து நிமிடப் பயிற்சியோடு கிளம்பியிருப்பார்கள். நாங்கள் முக்கால் மணி நேரம் அந்தக் காலி இடத்திலேயே சுற்றினோம். அப்புறம் பிரெவ்நோவ் மடாலயம். 993-இல் தொடங்கியது என்று அந்தப் பெண் சொன்ன உடனே அப்பா, "ராஜராஜன் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம், பெரிய கோயில் கட்டி முடிக்க இன்னும் பதினேழு வருஷம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் வண்டியை நிறுத்திவிட்டுத் தஞ்சாவூரைப் பற்றி அப்பாவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு குழுவில் பதினைந்து பேர் காத்திருக்கும்போது இது நடக்குமா?

லாட்ரொன்கா பூங்காவில் சறுக்குச் சக்கரம் கட்டி ஓடுகிறவர்களுக்காகப் போட்ட வழவழப்பான தார்ப்பாதை இருக்கிறது. செக்வேக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அப்பா மெதுவாக, "கால் மரத்துப்போச்சு மா" என்றார். பெஞ்சில் உட்கார வைத்தோம். அவருக்கு எங்கள்மேல் வருத்தம் வந்துவிடுமோ என்று எனக்கு ஒரே கவலை. அவரோ, "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கதையைச் சொன்னா போதும்" என்றார். அந்தப் பெண் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதையை அங்கேயே சொன்னார்.

அதாவது, அங்கிருந்து இன்னும் மேற்கே நட்சத்திர மாளிகை ஒன்று இருக்கிறது. ஹ்வியெஸ்டா என்பார்கள். 1555-இல் கட்ட ஆரம்பித்தது. மேலிருந்து பார்த்தால் ஆறு முனை நட்சத்திர வடிவம். அதை ஒட்டிய வெள்ளை மலையில் 1620 நவம்பர் 8-ஆம் தேதி நடந்த சண்டை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதில் தோற்ற செக் தரப்பின் தலைவர்கள் 27 பேருக்கு அடுத்த ஜூனில் பழைய நகரச் சதுக்கத்தில் மரண தண்டனை. அதற்குப் பிறகு முந்நூறு வருடம் அந்த நாடு, ஜெயித்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில்தான்.

மறுநாள் சதுக்கத்துக்கு டிராமில் போய், கொஞ்ச தூரம் மெதுவாக நடந்தோம். 1410-ஆம் வருடத்து வானியல் கடிகாரத்துக்கு முன்னால் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா மட்டும் நகர மண்டபச் சுவரோரம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதைக் கல்லில் வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். மக்கள் அவற்றை மிதித்துக்கொண்டே போனார்கள். இருபத்தேழும் எண்ணி முடித்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதனால் நான் சொல்வது, அம்மாவுக்குத் தேவை வழிகாட்டிதான், வண்டி இல்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல தனி வழிகாட்டியைப் பிடியுங்கள். 22-ஆம் எண் டிராமில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து அவரையும் கூடவே ஏறச் சொல்லுங்கள்.

திருவான்மியூர் பாலா

கீதா அக்கா சொன்ன 22 மிகச் சரியான யோசனை. தேசிய நாடக அரங்கத்துக்குப் பக்கத்தில் ஏறினால் ஆற்றைக் கடந்து, கோட்டைக்குக் கீழே இருக்கிற மாலா ஸ்ட்ரானா (சின்னப் பக்கம் என்று அர்த்தம்) என்ற பழைய பகுதி வழியாக வளைந்து வளைந்து மேட்டில் ஏறும். கோட்டை நிறுத்தத்தில் இறங்கினால் வாசல் வரை கிட்டத்தட்ட சமதளம்தான். படி ஏறும் வேலை இல்லை. மறுபடி ஏறி போஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் ஸ்ட்ராஹோவ் மடாலயம். அதன் பின்புறத் திண்ணையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும், இடது பக்கம் கோட்டை, கீழே பழ மரச் சரிவு. அதே டிராம்தான் பிரெவ்நோவ் மடாலயத்துக்கும் வெள்ளை மலைக்கும் போகிறது. சாயங்காலம் ஒரு படகுப் பயணம் வைத்துக்கொள்ளுங்கள், சார்லஸ் பாலத்தை அம்மா அடியிலிருந்து பார்க்கலாம். 1357-இல் அடிக்கல் போட்டது, 1841 வரை அந்த ஊரில் ஆற்றைக் கடக்க அது ஒன்றுதான் பாலம்.

நீங்களும் கணவரும் மட்டும் செக்வே போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுப்பீர்கள். அதில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று சென்னையிலேயே படித்துவிடுங்கள். இன்னொன்று, செக்வேயின் அந்தப் பழைய மாடலை 2020-லேயே தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் வயதான வண்டிகள். பல இடங்களில் செக்வே என்று எழுதிவிட்டுத் தடித்த டயர் போட்ட மின் ஸ்கூட்டரைக் கொடுக்கிறார்கள். எது வரும், எந்தத் தெருவில் போகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கொளத்தூர்ப் பொண்ணு

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எடை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பணம் கட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த நிறுவனத்துக்கு வழியையும் வண்டியையும் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன், நானும் கணவரும் மட்டும் ஒரு மணி நேரம் லாட்ரொன்கா பக்கம் போகிறோம். அம்மாவுக்கு வழிகாட்டியும் 22-உம்.

1620, 27 பேர் என்று படித்ததும் அம்மா அலமாரியைத் திறந்து தன் பழைய பாடக் குறிப்பு நோட்டை எடுத்துவிட்டார். அந்தச் சண்டையும் சேர்ந்த முப்பதாண்டுப் போர் பாடத்தை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படி நடத்துவார் என்று எனக்கு இப்போது வகுப்பு நடக்கிறது. பாலா சார், அந்தச் சிலுவைகளுக்குப் பக்கத்தில் உட்கார இடம் உண்டா?

திருவான்மியூர் பாலா

சதுக்கத்தின் நடுவில் செக் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் சிலை இருக்கிறது, அதைச் சுற்றிப் பெஞ்சுகள் உண்டு. சிலுவைகளிலிருந்து மெதுவாக நடந்தாலும் இரண்டு நிமிடம்தான். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அப்போது எண்ணுவதற்கு யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.