டெனோஃபோவிர் கண்டுபிடித்த அந்தோனின் ஹோலி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நன்னிலம்வாசி:
ஹெபடைடிஸ் பி-க்காக ஆறு வருடமாக டெனோஃபோவிர் எடுத்து வருகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வெள்ளை மாத்திரை, 300 மி.கி. போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வைரஸ் கணக்கில் வராத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார். இதை உருவாக்கியவர் யார் என்று தேடினேன். பிராக் நகரத்து அந்தோனின் ஹோலி என்று பெயர் கிடைத்தது. எப்படிச் செய்தார்? நான் படித்தது பி.காம்., எளிமையாகச் சொல்லுங்கள்.

கரிமவேதியன்:
சார், நான் நியூக்ளியோடைடு (டி.என்.ஏ.வைக் கட்டும் துண்டுகள்) வேதியியலில் ஆராய்ச்சி செய்தவன். ஹோலியின் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன்.

பிறந்தது 1936, பிராக். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அதே ஊரில் கரிம வேதியியல் மற்றும் உயிர்வேதியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் அதற்கே இயக்குநரானார். 1976-இல் பெல்ஜியத்து வைரஸ் ஆய்வாளர் எரிக் டி கிளர்க்கைச் சந்தித்தார். இவர் பிராக்கில் சேர்மங்களைச் செய்து அனுப்புவார், அவர் லூவனில் வைரஸ் மீது சோதிப்பார். கம்யூனிஸ்ட் கிழக்கு ஐரோப்பாவையும் மேற்கு ஐரோப்பாவையும் பிரித்த இரும்புத்திரை நடுவே இருந்த காலம் அது.

நியூக்ளியோடைடு மாதிரி இருக்கும் இந்த வகை மருந்து வேலை செய்ய, செல்லுக்குள் பாஸ்பேட் ஒட்ட வேண்டும். முதல் பாஸ்பேட் ஒட்டுவதுதான் பல மருந்துகளுக்குச் சிக்கல். முன்கூட்டியே ஒட்டிக் கொடுத்தால் உடலின் நொதிகள் அறுத்துவிடும். பாஸ்பேட் ஒட்டும் இடத்தில் அணுக்கள் பாஸ்பரஸ், ஆக்சிஜன், கார்பன் என்ற வரிசையில் இருக்கும். ஹோலி அதைப் பாஸ்பரஸ், கார்பன், ஆக்சிஜன் என்று மாற்றினார். நியூக்ளியோடைடில் இருக்கும் சர்க்கரை வளையத்தையும் எடுத்துவிட்டார். நொதியால் அறுக்க முடியவில்லை! ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இரண்டே அணுக்கள்தான் இடம் மாறியிருக்கின்றன. 1986-இல் நேச்சர் இதழில் வந்தது அந்த வேலை.

இந்த வழியில் பின்னர் உருவானதுதான் டெனோஃபோவிர். ஆனால் அந்த மூலக்கூறு குடலைத் தாண்டாது. கிலியட் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் அதற்கு மேலுறை மாதிரி இரண்டு துண்டுகளை ஒட்டி 2001-இல் மாத்திரையாகக் கொண்டுவந்தது. உங்கள் பெட்டியில் 'டைசோபிராக்சில்' என்று இருக்குமே, அதுதான்.

மருந்துக்காரன்:
அரசு ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில், மருந்தாளுநராக இருக்கிறேன். எச்.ஐ.வி.க்கும் டெனோஃபோவிர் கொடுப்பதுண்டு. முன்பெல்லாம் ஸ்டாவுடின் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. நாளாக ஆகக் கன்னம் ஒட்டிப்போகும், பாதம் எரியும். முகத்தைப் பார்த்தே ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு அம்மா முந்தானையால் மூடிக்கொண்டுதான் வரிசையில் நிற்பார். டெனோஃபோவிருக்கு மாற்றிய பிறகு நாளுக்கு ஒரே மாத்திரை. கன்னம் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் இப்போது முகத்தை மூடுவதில்லை.

சார், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நன்னிலம்வாசி:
பெட்டியை எடுத்துப் பார்த்தேன், டைசோபிராக்சில் இருக்கிறது. ஹோலி இருக்கிறாரா? ஒரு கடிதம் எழுத ஆசை.

கரிமவேதியன்:
இல்லை சார். 2012 ஜூலை 16 அன்று காலமானார். டெனோஃபோவிர் அடங்கிய மாத்திரையை எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கவும் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி வந்ததும் அதே நாளில்தான்.