ஜிடியில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில்) நேரத்தை மாற்றி எழுதச் சொல்கிறார் எஸ்ஐ, என்ன செய்வது?

இரண்டாம்நிலை: போலீஸ் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஸ்டேஷன் பதிவேடுகள் எழுதும் ரைட்டர் ஏட்டையாவுக்கு உதவியாக உட்கார வைத்துவிட்டார்கள். போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள், அப்போது பாராவில் (ஸ்டேஷன் காவல் பணியில்) இருந்தது நான்தான். ஆனால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கைது என்று ஜிடியில் எழுதச் சொன்னார் எஸ்ஐ, எழுதிவிட்டேன். பையனை யாரும் அடிக்கவில்லை. ஆனால் இந்த வாரமும் அதே மாதிரி ஒன்று வரும்போல் இருக்கிறது. மறுத்தால் 3(பி) (பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை) போடுவார்களா, ஆயுதப்படைக்கே திருப்பி அனுப்புவார்களா? "நீ எழுது, பொறுப்பு நான்" என்கிறார். உண்மையில் பொறுப்பு அவருடையதுதானா?

கோர்ட்வாசல்: இல்லை. எழுதிய கைக்குத்தான் முதல் கேள்வி வரும். சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்குத்தான் பாதுகாப்பு உண்டு. ஒருவருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே பொது ஊழியர் பொய்யான ஆவணம் எழுதினால் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 201, மூன்று வருடம் சிறை வரை போகும். நேரத்தை ஏன் தள்ளுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அந்தக் கணக்குதான். வக்கீல்கள் நாங்கள் ஜிடியை மட்டும் பார்ப்பதில்லை. பையனின் செல் டவர், ஸ்டேஷன் கேமரா (2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பதிவு ஓராண்டாவது இருக்க வேண்டும்), சனிக்கிழமை ராத்திரி வாசலில் நின்ற அம்மா, எல்லோரையும் கேட்போம். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996லேயே சொல்லியாகிவிட்டது, இப்போது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 36லும் இருக்கிறது.

ஓய்வு எஸ்எஸ்ஐ: தம்பி, வக்கீல் சொல்வது சரிதான், ஆனால் நாளைக்கும் அதே ஸ்டேஷனில் நீதான் நிற்கணும். சட்டப் பிரிவு எல்லாம் அவரிடம் பேசாதே. "ஐயா, கோர்ட்டில் கூண்டில் ஏறினால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, நீங்களே உங்க கையால எழுதிடுங்க" என்று பணிவாகச் சொல். பொறுப்பு நான் என்று சொல்கிற ஆள் தன் கையால் எழுத மாட்டார், அங்கேயே பாதி முடிந்துவிடும். லீவு கிடைக்காது, பந்தோபஸ்துக்கு அலைய விடுவார்கள், அது நடக்கும். மெமோ வந்தால் வாங்கிக்கொள், எழுத்தில் பதில் கொடு. பொய் எழுத மறுத்தான் என்று யாரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் எழுத மாட்டார்கள், வேறு ஏதாவது கண்டுபிடிப்பார்கள், அதனால் ரோல்காலுக்கு லேட்டாகப் போகாதே.

ஏட்டு வீட்டுக்காரி: சொல்வது எளிது. ஸ்டேஷனில் அடிபட்டு அப்பாவும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கில் தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார், அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? இங்கே இஎம்ஐ கட்டணும், பிள்ளை ஃபீஸ் கட்டணும்.

கோர்ட்வாசல்: அம்மா, அதே வழக்கில் கைதான 10 பேரில் சாதாரணக் காவலர்களும் உண்டு. அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

இரண்டாம்நிலை: எல்லோருக்கும் நன்றி. எஸ்எஸ்ஐ ஐயா சொன்ன மாதிரியே நாளைக்குப் பேசிப் பார்க்கிறேன். அப்புறம் இன்னொன்று, இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரி பாரா புத்தகத்தில் பையன் வந்த நேரத்தை 10.10 என்று எழுதியிருக்கிறேன். அதுவும் என் கையெழுத்துதான்.