புதுப்பிப்பு: வளைவில் மடிப்பு விழுந்த டெக்கல், படிந்துவிட்டது

1/24 அளவு மாடல் ரேஸ் காரின் முன்சக்கர வளைவில் பெரிய டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) மடிந்து நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்வு கிடைத்துவிட்டது.

டெக்கலை வெதுவெதுப்பான நீரில் 15 விநாடி மட்டும் நனைத்து, வெளியே ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே கிடந்தால் பசை கரைந்துவிடும். பரப்பில் மைக்ரோ செட் (டெக்கல் நன்றாக ஒட்ட உதவும் திரவம்) தடவி, டெக்கலை நகர்த்தி இடம் பார்த்தபின் காட்டன் பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள், தேய்த்தால் கிழியும். வளைவில் சுடுநீரில் தோய்த்த பட்ஸால் அழுத்தினால் படலம் இளகி இழுபடும். அப்படியும் அடங்காத மடிப்பைப் புது பிளேடால் கீறி, விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றலாம்.

கடைசியில் மைக்ரோ சால் (டெக்கலை இளக்கிப் படியவைக்கும் திரவம்), மெல்லிய பூச்சாக. டெக்கல் பயமுறுத்தும் அளவுக்குச் சுருங்கும். அப்போது கை வைக்கவே வைக்காதீர்கள், காயும்போது தானே இறுகிவிடும்.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. ஊசியால் குத்தி மறுபடி சால் விடுங்கள். மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட்மேல் ஒட்டினால் இது வரத்தான் செய்யும். பளபளப்பான (gloss) பூச்சு முதலில் அவசியம்.

ஒரு நாள் காய்ந்ததும் பசைக்கறையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு கிளியர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடியுங்கள். அது லாக்கர் (கடுமையான கரைப்பான் உள்ள வகை) என்றால் முதல் இரண்டு மூன்று பூச்சும் மெல்லிய தூவல்தான். ஈரமாக அடித்தால் டெக்கலையே அரித்துவிடும்.